கூடாரத்தில் வாழ்ந்த கலெக்டர்

ரெண்டு நாள் லீவு கிடைச்சா போதும், பைக்கை எடுத்துக்கிட்டு வத்தல்மலை, ஒகேனக்கல்னு கிளம்பிடுவோம். ஒரு ராத்திரி டென்ட்டுல தங்கிட்டா ஒரு வாரத்துக்கு ஸ்டேட்டஸ் ஓடும். இதே தர்மபுரிப் பக்கம் டென்ட்டும் குதிரையுமா ஏழு வருஷம் சுத்தின ஆள் ஒருத்தர் இருந்தார். சென்னை தீவுத்திடல் பக்கத்துல அங்கவடி இல்லாத குதிரைமேல உட்கார்ந்திருக்காரே, அந்தத் தாமஸ் மன்றோதான்.

1761இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா வர்ஜீனியாவோடு வணிகம் செய்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. மகன் 1780இல் கம்பெனிப் படையில் சேர்ந்து மதராஸ் வந்து இறங்கினார். ஹைதர் அலியோடும் திப்புவோடும் நடந்த போர்களில் இருந்தார்.

1792இல் திப்புவோடு ஏற்பட்ட உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வட்டாரம்தான் அது. வரி வசூலிக்க சிவில் அதிகாரிகளை அனுப்பலாம்னா, அவங்களுக்கு ஊர் மொழியே தெரியாது. அதனால் கார்ன்வாலிஸ், அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை நியமித்தார். அவருக்கு உதவியாக வந்த மூவரில் ஒருவர் மன்றோ. தர்மபுரி அவர் பங்கு.

இங்கேதான் சிக்கல். எந்த நிலம் யாருடையது, என்ன விளையும் என்பதெல்லாம் ஊர்க் கணக்கர் எழுதி வச்சதுதான். ஏரிக்குக் கீழே மதகுத் தண்ணி பாயுற நஞ்சையும், மலையடிவாரத்துல மழையை நம்பிக் கிடக்கிற புஞ்சையும் ஒண்ணா? ஓலையில் எப்படி வேணும்னாலும் எழுதலாம். வரப்புல நின்னு பார்த்தா ஏமாத்த முடியாது. அதனால் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நிலத்தை அளந்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடமே நேராக வரி பேசும் ரயத்துவாரி முறை இந்த அலைச்சலில்தான் உருவானது.

தர்மபுரியில் வீடு கட்டித் தோட்டமும் போட்டார். 1799இல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றலானபோது இந்த ஊரை விட்டுப்போக மனசே இல்லை. அந்த மழை ஊர் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அடுத்த வருஷமே இன்றைய ராயலசீமைக்குப் போய், 1807 வரை மறுபடியும் கூடார வாழ்க்கை. அங்கே அளந்த சங்கிலி 33 அடி. 33ஐ 33ஆல் பெருக்கி, வந்ததை 40ஆல் பெருக்குங்க: 43,560 சதுர அடி, சரியா ஒரு ஏக்கர். சர்வே லேப்ல சங்கிலி இழுத்துச் சலிச்ச சிவில் பசங்களுக்கு இது புரியும்.

அவரைத் தியாகி ஆக்க வேண்டாம். வசூல் போனது கம்பெனிக் கஜானாவுக்கு, வரியும் சுமைதான். ஆனால் அது சுமைன்னு அவரே ஒத்துக்கிட்டு, நாலில் ஒரு பங்கைக் குறைக்கணும்னு 1807இல் எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. அவர் விட்டுப்போன பாராமகாலிலோ நிலத்தை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். எடுத்தவர்களில் பலர் பணம் கட்ட முடியாமல் கவிழ்ந்தார்கள். 1820இல் மன்றோவே மதராஸ் கவர்னராகி வந்த பிறகுதான் ராயலசீமைக்கு அந்த வரிக்குறைப்பு கிடைத்தது.

கவர்னர் ஆனபிறகும் கால் நிற்கவில்லை. 1826இல் நீலகிரி ஏறி, ஜான் சல்லிவன் புதிதாக வெட்டியிருந்த ஊட்டி ஏரியைப் பார்த்தார். மனைவி அப்போது இங்கிலாந்துக்குப் போயிருந்தார். இவரும் பதவியை விட்டு ஊர் திரும்ப முடிவு செய்திருந்தார். அதற்கு முன் ராயலசீமையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்னு 1827 கோடையில் கிளம்பினார். வழியெல்லாம் காலரா. ஜூலை 6ஆம் தேதி பத்திகொண்டா முகாமில் அது அவரையும் பிடித்தது. அன்று இரவே இறந்தார். மறுநாள் கூத்தியில் அடக்கம் செய்தார்கள்.