இசைத்தட்டைத் தந்தவரே அமெரிக்காவில் அதை விற்க முடியாமல் போனது ஏன்? யார் இந்த எமில் பெர்லினர்?

பரணில் கிடக்கும் தாத்தா காலத்து கிராமபோனை இறக்கித் துடைத்தால், குழாய் முன்னால் நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் படம் தெரியலாம். அந்த நாயை எல்லாருக்கும் தெரியும். ஆனா, அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவரைத் தெரியுமா? அவர்தான் எமில் பெர்லினர்.

பாட்டில் கழுவியவர்

1851 மே 20-ல் ஜெர்மனியின் ஹானோவரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பிக்க, 1870-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பகலில் கடை வேலை, ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் வேலை. இரவில் நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் படிப்பு.

1877-ல் தொலைபேசிக்கான மைக் ஒன்றை உருவாக்கினார். அதன் உரிமையை பெல் தொலைபேசி நிறுவனம் வாங்கியது. சொந்தமாக ஆராய்ச்சி செய்யக் கையில் காசு வந்தது.

சிலிண்டருக்குப் பதில் தட்டு

எடிசன் 1877-லேயே ஒலியைப் பதிவு செய்துவிட்டார். ஆனா அவருடைய போனோகிராஃபில் ஒலி பதிவானது உருளையில். அதைப் பிரதி எடுப்பது அப்போது பெரும்பாடு.

பெர்லினர் தட்டையான தகட்டுக்கு மாறினார். துத்தநாகத் தகட்டில் தேன்மெழுகுப் பூச்சு, அதன்மேல் ஊசி கீறும் ஒலிக்கோடு, பிறகு அமிலத்தில் அரிப்பு. அதிலிருந்து ஒரு அச்சு எடுத்தால் போதும், இட்லி ஊற்றுவது மாதிரி தட்டுகளை அடுத்தடுத்து அழுத்தி எடுக்கலாம். கிராமபோனுக்கான காப்புரிமை 1887-ல் கிடைத்தது.

கை வலித்தது, பாட்டு ஆடியது

ஆரம்பகால கிராமபோனைக் கையால்தான் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் பாடகர் குரல் கீச்சென்று ஏறும், மெதுவானால் இழுக்கும். இதனால் பலரும் அதை விளையாட்டுப் பொருளாகவே பார்த்தார்கள்.

நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன், 1896-ல் இதற்கு நல்ல ஸ்பிரிங் மோட்டார் செய்துகொடுத்தார். சாவி கொடுத்தால் தட்டு சீராகச் சுற்றும். விற்பனை சூடுபிடித்தது.

சொந்தப் பொருளுக்கே தடை

அமெரிக்காவில் விற்பனை உரிமை ஃபிராங்க் சீமன் என்பவரிடம் இருந்தது. இருவருக்கும் தகராறு முற்ற, சீமன் ஜோனோபோன் என்ற போட்டி இயந்திரத்தை விற்க ஆரம்பித்தார். வழக்கு நீதிமன்றம் போனது. 1900-ல் வந்த தடை உத்தரவால், பெர்லினர் தன் கண்டுபிடிப்பையே அமெரிக்காவில் விற்க முடியாத நிலை.

அவர் கனடாவின் மான்ட்ரியலில் தொழிலைத் தொடர்ந்தார். அமெரிக்காவில் ஜான்சன் 1901-ல் விக்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். பெர்லினர் பெயர் மங்கியது, நாய் மட்டும் நிலைத்தது.

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

பெர்லினரிடம் வேலை பார்த்த ஃபிரெட் கெய்ஸ்பெர்க், 1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தத் தட்டுகள் அச்சானது பெர்லினர் பிறந்த ஹானோவரில்!

உங்க வீட்டு கிராமபோன் ஓடணுமா?

ஜான்சன் அன்று தீர்த்த பிரச்னைதான் இன்றும் முதல் வேலை: தட்டு சீராகச் சுற்றணும்.

* சாவி கொடுக்கும் கிராமபோனில் 'டொக்' சத்தம் வந்து வேகம் குறைந்தால், உள்ளே கிரீஸ் இறுகியிருக்கலாம். ஸ்பிரிங் பெட்டியை நீங்களே திறக்காதீங்க. தெறித்தால் கையைக் கிழித்துவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்க.
* இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றணும். தேய்ந்த ஊசி தட்டை அரித்துவிடும்.
* பழைய அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.
* வினைல் எல்.பி. தட்டை இதில் வைக்காதீங்க. ஊசியின் கனமே தட்டைப் பாழாக்கிடும்.
* மின்சார பிளேயரில் பாட்டு இழுத்தால், முதலில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்க.

கடைசி வரை ஓயாதவர்

மகளின் நோய்க்குப் பிறகு, குழந்தைகளுக்குச் சூடாக்கிச் சுத்திகரித்த பாலையே கொடுக்கணும் என்று பிரசாரம் செய்தார். மகன் ஹென்றியோடு ஹெலிகாப்டர் சோதனையிலும் இறங்கினார். 1929 ஆகஸ்ட் 3-ல் வாஷிங்டனில் 78 வயதில் காலமானார். பரணில் இருக்கும் 78 ஆர்.பி.எம். தட்டை அடுத்த முறை எடுக்கும்போது, நாய்க்குப் பின்னால் இருந்த இந்த மனிதரையும் ஒருமுறை நினைச்சுக்கோங்க.