தோம்பில் ஒரு மதம், மனதில் ஒரு மதம்

ஹாலிஎலயில் எங்கள் லயத்துக்கு மேலேயுள்ள சின்னக் கோயிலில் புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் படம் இருக்கிறது. 1983க்குப் பிறகு வன்னிக்குப் போய், யுத்தம் முடிந்து திரும்பிய என் அம்மா, அதற்கு முன்னால் நின்றுதான் கேட்டார். தம்பியை இழந்த நாளிலிருந்து அவர் செபமாலையைத் தொடவில்லை. கடவுளே இல்லையென்றும் சொல்லியிருக்கிறார். இனித் தனக்கு மீட்பு உண்டா என்பதுதான் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அடிகளாரின் கதையைச் சொன்னேன்.

1651இல் கோவாவில் பிறந்தவர் அவர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு இடங்கொடுத்தால் மரண தண்டனை. பிள்ளையின் ஞானஸ்நானமும் கலியாணமும் அவர்களுடைய தோம்பில் பதியப்படாவிட்டால் முதுசக் காணிக்கும் சிக்கல். சனம் பகலில் அவர்களுடைய கோயிலுக்குப் போனது. இரவில் ஒளித்துச் செபித்தது. சாவான பாவத்தால் இழந்த அருளைப் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பப் பெறலாம் என்பது கத்தோலிக்கப் போதனை. ஆனால் பாவத்தைக் கேட்கக் குருவானவர் எங்கே? தெரிவுசெய்யப்பட்டவர் மீட்பை ஒருபோதும் முற்றாக இழக்கமாட்டார் என்று 1618–19 டோர்ட் மாநாட்டில் அறுதியிட்டவர்கள் இதே ஒல்லாந்தச் சபையார்தான். அந்த உறுதி உள்ளவர்களுக்கு அடுத்தவனை ஏன் வெருட்டவேண்டி வந்ததோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.

1687இல் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்தார். வந்ததும் வயிற்றோட்டத்தில் சாகக்கிடந்தார். பிறகு கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தன்னுடைய ஆட்களை அடையாளங்கண்டார். சில்லாலையில் தங்கி, இரவுகளில் பாவசங்கீர்த்தனம் கேட்டார், பூசை வைத்தார். தோம்பில் பெயர் பதிந்தவர்களை அவர் தொலைந்தவர்களாக எண்ணவில்லை. அவர்களுக்காகவே வந்தவர்.

1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் சுற்றிவளைத்துச் சுமார் 300 பேரைப் பிடித்தார்கள். ஒல்லாந்த மதத்தை விட்டு வந்திருந்த ஒருவர் அடியிலேயே இறந்தார். அடிகளார் தப்பினார். கண்டியில் உளவாளியென்று சிறை. 1697இல் அம்மை பரவியபோது நோயாளிகளோடு இருந்தார். 1711 ஜனவரி 16இல் அங்கேயே இறந்தார். அப்போது நம் ஊவாவும் கண்டி அரசனின் கீழ்தான். 2015இல் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவர் வருவதற்கு முந்திய அந்த 29 வருசத்தில், பாவசங்கீர்த்தனமில்லாமல் செத்துப்போனவர்களின் கதி என்ன என்றார்.

குருவானவர் கிடைக்காத இடத்தில், கிடைத்தால் போவேன் என்ற மனதோடு உண்மையாக வருந்தினாலே மன்னிப்பு உண்டென்று சபை படிப்பித்திருக்கிறது. உத்தம மனஸ்தாபம் என்று நாமெல்லாம் சின்னதில் பாடமாக்கியது அதுதானே என்றேன்.

அம்மா மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். நடுவில் ஓரிடம் மறந்துபோயிருந்தது. எடுத்துக்கொடுத்தேன்.