ஒரே கணக்கில் இரண்டு கைகள்: எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் வாழ்க்கை

1940 மே 14 அன்று ஜேர்மனிய விமானங்கள் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் குண்டுகளைக் கொட்டின. நகரின் மையப்பகுதி எரிந்து தரைமட்டமானது. ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். அந்நகரில் பிறந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுக்கு மூன்று நாட்களுக்கு முன்னர்தான் பத்து வயது நிறைந்திருந்தது.

ஆக்கிரமிப்பின் கீழ் வளர்ந்த அவர், சட்டம் படித்து ஐக்கிய நாடுகள் சபையில் தன் நாட்டுக்காகப் பேச விரும்பினார். அந்த விருப்பம் எப்படி முளைத்திருக்கும் என்று எம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் விஞ்ஞானப் பாடங்களில் கிடைத்த புள்ளிகள் அவரை லெய்டன் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்க வைத்தன. 1952இல் அம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். 1957இல் திருமணப் பதிவின்போது தொழில் நிரலாளர் என்று எழுதினார். அப்படியொரு தொழிலே இல்லையென்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்.

அக்காலத்தில்தான் ஒரு பயம் அவரைப் பிடித்தது. அவர்கள் உருவாக்கிய புதிய கணினி, ஒரு வேலையை இடையில் நிறுத்தி இன்னொன்றைக் கவனித்துவிட்டுத் திரும்பக்கூடியது. எந்தக் கணத்தில் இடைநிறுத்தம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் பிழையும் ஒருமுறை வந்துவிட்டு, தேடும்போது மறைந்துவிடும்.

நான் ஊடகக் கற்கை படித்தவன். எனக்கு இது விளங்கியது காசுக் கணக்காக நினைத்துப் பார்த்தபோதுதான். வங்கிக் கணக்கில் 10,000 ரூபா இருக்கிறது. கனடாவிலிருந்து அக்கா 5,000 அனுப்புகிறார். அதே கணத்தில் ஊரில் அம்மா 2,000 எடுக்கிறார். இரண்டு வேலைகளும் 10,000 என்று வாசிக்கின்றன. ஒன்று கூட்டி 15,000 என எழுதுகிறது. மற்றது கழித்து 8,000 என அதன்மேல் எழுதுகிறது. இருக்க வேண்டியது 13,000. அக்காவின் காசைக் காணவில்லை, ஆனால் எவரும் திருடவில்லை, எவரும் பொய் எழுதவுமில்லை. வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இருந்த இடைவெளி விழுங்கிவிட்டது.

ஆயிரம் தடவை சரியாக ஓடிய நிரல் ஆயிரத்தோராவது தடவையும் சரியாக ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சோதித்துப் பார்த்துத் திருப்திப்படுவதை டைக்ஸ்ட்ரா ஏற்கவில்லை. பிழை வரவே முடியாதென்று நிறுவ வேண்டும் என்றார். இரண்டு வேலைகள் மோதாமல் பார்க்கும் வழியை அவரது சகா டெக்கர் கண்டிருந்தார். அதை எத்தனை வேலைகளுக்கும் பொருந்துமாறு விரித்து டைக்ஸ்ட்ரா 1965இல் வெளியிட்டார்.

அதைவிட எளிமையான ஒன்றையும் அவர் தந்தார். ரயில் பாதையின் கைகாட்டியை நினைத்து அதற்குப் பெயர் வைத்தார். எல்லா வேலைகளுக்கும் பொதுவாக ஓர் எண். உள்ளே போகும் வேலை அதில் ஒன்றைக் கழிக்க வேண்டும், வெளியே வரும்போது ஒன்றைக் கூட்ட வேண்டும். எண் பூச்சியமாக இருந்தால், திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்காமல், எழுப்பும்வரை உறங்க வேண்டும். அந்தக் கூட்டலும் கழித்தலும் பிளக்க முடியாதவை. தொடங்கினால் முடியும்வரை வேறெதுவும் நடுவில் நுழையாது. உள்ளே நடப்பது எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், வாசலில் இருக்கும் இந்த ஒற்றைக் கணக்குப் பிசகாவிட்டால் போதும். ஐன்ட்ஹோவன் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய குழுவுடன் இதை வைத்தே ஒரு இயங்குதளத்தைக் கட்டி, 1968இல் அதைப் பற்றி எழுதினார்.

1972இல் டூரிங் விருது கிடைத்தது. 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கணினி உலகம் கொண்டாடிய இந்த மனிதர் கட்டுரைகளைப் பேனாவால் எழுதி, இலக்கமிட்டு, பிரதியெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். எனக்கு அவரில் மிகவும் பிடித்தது இதுதான். அப்படி 1,300க்கும் மேல் எழுதினார். 2002 ஆரம்பத்தில் புற்றுநோயுடன் நெதர்லாந்தின் நூனன் ஊரிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி, 72ஆவது வயதில், அங்கேயே காலமானார்.