விரதம் காத்த தாய் புத்லிபாய் அம்மையார்

மகாத்மா காந்தியடிகளின் வரலாற்றை மாணாக்கர்க்கு எடுத்துரைக்கும் பேறு ஆசிரியர் பலர்க்கும் வாய்த்ததுண்டு. நாமும் பல்லாண்டுகள் வகுப்பறையில் அதனைச் சொல்லி வந்தோம். ஆயின் அப்பாடங்களில் அவருடைய அன்னையார் புத்லிபாய் ஓரிரு வரிகளில் வந்து மறைந்து விடுவார். எழுதப் படிக்க அறியாத அவ்வம்மையார், மக்களைப் பேணுவதையும் விரதங் காப்பதையுமே தம் வாழ்வாகக் கொண்ட இல்லத்தரசி. அவ்வாழ்வில் சமண முனிவர் ஒருவர்க்கும் சிறப்பான இடம் உண்டாதலின், நம் குடும்பத்தார் அதனை அறிந்திருத்தல் நலம்.

குஜராத்தின் கத்தியவார்ப் பகுதியிலுள்ள போர்பந்தரில் திவானாக விளங்கியவர் கரம்சந்த் காந்தி. அவர் நான்காம் முறையாக மணந்தவரே புத்லிபாய். முன் மணங்களில் பிறந்த பெண்மக்கள் இருவர் அவ்வீட்டில் இருந்தனர். புத்லிபாய்க்கு ரலியாத் என்னும் மகளும், லக்ஷ்மிதாஸ், கர்சன்தாஸ், மோகன்தாஸ் என்னும் மகன்மார் மூவரும் பிறந்தனர். கடைக்குட்டியான மோகன்தாஸ் பிறந்தது 1869 அக்டோபர் 2 ஆம் நாள். பின்னர்க் கரம்சந்த் ராஜ்கோட்டில் பணியேற்கவே, குடும்பமும் அங்குக் குடிபெயர்ந்தது.

கல்வி இல்லையேனும் அம்மையார்க்கு நல்லறிவு மிகுதி. அரசியற் செய்திகளையும் நன்கு அறிந்திருந்தார். அரண்மனைப் பெண்டிர் அவருடைய அறிவை மதித்தனர். அரசரின் விதவைத் தாயாருடன் அவர் உரையாடும்போது, சிறுவன் மோகன்தாஸ் உடனிருந்து கேட்பதுண்டு.

அம்மையார் வைணவ நெறியினர். நாள்தோறும் ஹவேலி எனப்படும் கோயிலுக்குச் செல்வார். வழிபாடு முடியாமல் உணவு கொள்ளார். மழைக்கால நான்கு மாதங்களின் சாதுர்மாஸ்ய விரதத்தை ஒருபோதும் தவறவிட்டதில்லை. அம்மாதங்களில் ஒருவேளை உணவு என்பது அவர்க்கு இயல்பான பழக்கம். ஓராண்டு அதுவும் போதாதெனக் கருதி, ஒன்றுவிட்ட ஒருநாள் முழுப் பட்டினி இருந்தார். மதியின் வளர்வு தேய்வுக்கு ஏற்ப உணவைக் கூட்டியும் குறைத்தும் உண்ணும் சாந்திராயண விரதத்தில் இருந்தபோது, ஒருமுறை நோயுற்றார். அப்போதும் விரதத்தைக் கைவிட்டாரல்லர்.

மற்றோர் ஆண்டில், கதிரவனைக் காணாமல் உண்பதில்லை என்று உறுதி பூண்டார். கார்காலத்தில் கதிரவன் பலநாள் முகிலுக்குள் மறைந்திருக்கும். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தையே பார்த்திருப்பர். கதிர் சற்றே தோன்றியதும் தாயை அழைக்க ஓடுவர். அவர் விரைந்து வெளியே வருமுன் அது மீண்டும் மறைந்துவிடும். இன்று உண்ண வேண்டாமென்பது இறைவன் திருவுள்ளம் போலும் என்று முகம் வாடாமல் கூறிவிட்டு, அவர் வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார். கதிர் மறையுமுன் உண்ணும் வழக்கமுடைய நமக்கு அவ்வுறுதியின் அருமை எளிதில் விளங்கும்.

சமண முனிவர்கள் அவ்வீட்டுக்கு அடிக்கடி வருகை தந்தனர். சமணரல்லாதார் வீடாயினும் அங்கு ஆகாரம் ஏற்கவும் இசைந்தனர். அக்காலத்தே, நண்பர் ஒருவரின் தூண்டுதலால் மோகன்தாஸ் மறைவாகப் புலால் உண்ணத் தலைப்பட்டார். அந்நாட்களில் அன்னை உணவுக்கு அழைத்தால், பசியில்லை, செரிக்கவில்லை என்று ஏதேனும் பொய் சொல்ல நேர்ந்தது. அப்பொய்தான் அவர் உள்ளத்தை அறுத்தது. பெற்றோர் உயிரோடிருக்கும் வரையிலாவது புலாலைத் தொடுவதில்லை என்று உறுதி கொண்டார். அன்னை இதனை அறிந்து கண்டித்ததாலன்று; அவரிடம் பொய்யுரைக்க மனம் ஒப்பாமையால் விளைந்த திருத்தம் அது.

கணவர் நோயிற் கிடந்த காலத்தில் புத்லிபாயும், பழைய பணியாள் ஒருவரும், மோகன்தாஸுமே பெரும்பாலும் பணிவிடை செய்தனர். 1885 இல் கரம்சந்த் மறைந்தார். குடும்பப் பொறுப்பு மூத்த மகன் மேல் விழுந்தது. 1888 இல், மோகன்தாஸைச் சட்டம் பயில இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்ற யோசனை எழுந்தது. அம்மையார் கலங்கினார். அங்குச் செல்லும் இளைஞர் கெட்டுப்போவர் என்றார் ஒருவர். புலாலுக்கு அடிமையாவர் என்றார் ஒருவர். மதுவின்றி அங்கு வாழவே இயலாது என்றார் இன்னொருவர். மகனை நம்பினார் அன்னை. ஆயினும் தொலைதூர நாட்டில் அவன் நிலை என்னாகுமோ என்று அஞ்சினார்.

இந்த இக்கட்டில் அவர் நாடியது பேச்சர்ஜி சுவாமி என்னும் முனிவரை. மோட் வணிக குலத்திற் பிறந்து சமணத் துறவு பூண்டவர் அவர், அக்குடும்பத்தின் நல்லாலோசகர். மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று மோகன்தாஸை அவர் விரதம் ஏற்கச் செய்தார். அதன்பின்னரே அன்னை விடை கொடுத்தார். 1888 செப்டம்பர் 4 ஆம் நாள் மோகன்தாஸ் பம்பாயிலிருந்து கப்பலேறினார்.

இலண்டனில் அவ்விரதம் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. உப்பும் சுவையுமற்ற காய்கறிகளால் வயிறு நிறையவில்லை. எழுத்தறியாத தாயிடம், அந்நாட்டு நிலைமை அறியாமல் செய்த வாக்குறுதி சட்டப்படி செல்லாது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். சட்டம் பயிலச் சென்ற இளைஞர்க்கு இதைவிட வசதியான வாதம் கிட்டாது. எனினும் அவர் அசைந்திலர். பின்னர் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டு வயிறார உண்டார். அங்கு வாங்கிய சால்ட் என்பாரின் நூலைப் படித்தபின், அன்னைக்காகக் காத்த நெறியைத் தம் சொந்தக் கொள்கையாகவும் ஏற்றார்.

ஒருகட்டத்தில் முட்டை உண்ணத் தொடங்கினார். முட்டை புலாலாகாது என்பார் அந்நாட்டில் இருந்தனர். ஆனால் புலால் என்ற சொல்லுக்குத் தம் அன்னை கொண்ட பொருளில் முட்டையும் அடங்கும் என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். விரதம் செய்வித்தவர் கருதிய பொருளே விரதத்தின் பொருள் என்று தெளிந்து முட்டையையும் விலக்கினார்.

அன்னையின் வழக்கங்கள் அனைத்தையும் அவர் ஏற்றுக்கொண்டாரல்லர். வீட்டுக்குத் துப்புரவுப் பணி செய்ய வந்த ஊகா என்பவரைத் தீண்டினால் நீராட வேண்டும் என்பது அம்மையார் இட்ட கட்டளை. அதற்குக் கீழ்ப்படிந்தாலும், அது தவறென்று சிறுவயதிலேயே மோகன்தாஸ் வாதிட்டார். பிற்காலத்தில் தீண்டாமையை எதிர்ப்பதையே தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாக்கினார். அன்னையின் உறுதியைப் பேணிய மகன், அவருடைய காலத்தின் குறையை விலக்கினார்.

மூன்றாண்டுப் படிப்பு முடித்து, 1891 ஜூலையில் பம்பாய் வந்திறங்கியபோது, அன்னையைக் காணும் ஆவலே அவர் நெஞ்சில் நிறைந்திருந்தது. ஆனால் அம்மையார் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். அயல்நாட்டில் தனித்திருப்பவன் தாங்கமாட்டான் என்று கருதி, அண்ணன் அச்செய்தியை அதுகாறும் மறைத்திருந்தார். தந்தையை இழந்தபோது உற்றதினும் பெருந்துயரம் அவரை வாட்டியது. மூன்று விரதங்களையும் காத்து மீண்டேன் என்று சொல்ல வந்தவர்க்கு, அதைக் கேட்கத் தாய் இல்லை. பம்பாயில் இறங்கிய அந்நாளில்தான், பின்னர்த் தமக்குப் பெரிதும் வழிகாட்டிய சமணப் பெரியார் ராய்சந்த்பாயை அவர் முதன்முதலாகச் சந்தித்தார்.

இன்று நம் பிள்ளைகளும் படிப்புக்காகவும் பணிக்காகவும் தொலைநாடுகளுக்குச் செல்கின்றனர். புறப்படும்போது அவர்களிடம் வாக்குறுதி வாங்காத தாய்மார் நம்மில் சிலரே. அது கடல் கடந்தும் நிலைக்குமோ என்ற கவலை நமக்கும் உண்டு. மோகன்தாஸ் பேச்சர்ஜி சுவாமியின் முன் விரதம் ஏற்றது ஒரே நாளில். ஆனால் அதற்கு முன், மழைநாள் முற்றத்தில் வானம் பார்த்து நின்று, தாய் உண்ணாமலே உள்ளே திரும்பியதை அவர் எத்தனையோ நாட்கள் கண்டிருந்தார். பிள்ளைகளிடம் நாம் கேட்கும் உறுதியை அவர்கள் நம் அன்றாட வாழ்வில் முன்னரே கண்டிருக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பதே, புத்லிபாய் அம்மையார்க்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.