பழவேற்காட்டுக்கு இரண்டு முறை ஓடி வந்தவர்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, உன்னைக் கவர்ந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தா என்றார். இன்ஜினியர்தானே, விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியோ அப்துல் கலாமைப் பற்றியோ எழுதிவிடுவான் என்று நினைத்திருப்பார். நான் எழுதப்போவது பாட்டு எழுதிய ஒரு பாதிரியாரைப் பற்றி. அதுவும் வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனவர். வெற்றி பெற்றவர்களின் படங்கள் நிறைந்த மலரில் இவர் எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

எனக்கு ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி இதுதான். எங்கள் குப்பங்களில் இறால் பிடிப்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர்கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நம்ம பாடு வருகிற நாளில் நீரோட்டம் சரியாக இருந்தால் கையில் காசு. இல்லாவிட்டால் அடுத்த பாடு வரைக்கும் கடன்தான்.

எங்க ஆயா சின்ன வயதில் வேப்பேரியில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தவர். பக்கத்து லுத்தரன் கோயிலில் பாடுகிற ஞானப்பாட்டுகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துகொண்டார். எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணமாகி எங்கள் குப்பத்துக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த சீர் அந்தப் பாட்டுகள் மட்டும்தான் என்று நைனா கேலி செய்வார். கிழிந்த வலையைப் பொத்தும்போது பாடுவார். புயல் சின்னம் என்று ரேடியோ சொன்ன இரவில், முகத்துவாரத்தைத் தாண்டிப் போன படகு திரும்புகிற வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்து பாடுவார். லெந்து நாட்கள் வந்துவிட்டால் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்கிற பாட்டுகள் மட்டும்தான். சின்னப் பையனான எனக்கு ஏரியில் போடுகிற பாடும், சிலுவையில் பட்ட பாடும், ஆயா பாடுகிற பாட்டும் எல்லாமே ஒன்றாகத்தான் தெரிந்தன. இந்தப் பாட்டுகளை எங்கள் குப்பத்து ஆட்களே யாரோ கட்டியிருப்பார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நம் கல்லூரிக்கு வந்த முதல் வருஷம் அந்த நம்பிக்கை போனது. ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தேன். புரசைவாக்கத்திலிருந்து வந்த அறை நண்பன், டேய், அது ஜெர்மன் ராகம்டா என்றான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் அப்பாதான் அந்தப் பெயரைச் சொன்னார்: யோகான் பிலிப் பப்ரிஷியஸ். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் அந்தப் பெயர் பஸ்ஸிலிருந்து பார்த்த ஒரு போர்டு என்ற அளவில்தான் தெரியும்.

பப்ரிஷியஸ் பிறந்தது 1711-ல், ஜெர்மனியில் பிராங்பர்ட் பக்கத்திலுள்ள கிளீபெர்க் என்ற சிற்றூரில். முதலில் படித்தது சட்டம். பிறகு மனம் மாறி ஹாலே நகருக்குப் போய் இறையியல் படித்தார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவும் அதே ஹாலேயோடு தொடர்புள்ளவர்தான். பப்ரிஷியஸ் 1740-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயது 29. இரண்டு வருஷம் கழித்துச் சென்னை ஊழியத்துக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷம், சாகும்வரை, சொந்த நாட்டை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் வேதத்தைத் தமிழில் தந்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். சீகன்பால்கு பாதியில் விட்டதை ஷுல்ட்சே முடித்திருந்தார். ஆனால் அந்தத் தமிழ், தமிழர் காதில் சரியாக விழவில்லை. பப்ரிஷியஸ் எபிரேய, கிரேக்க மூலங்களை ஒரு பக்கம் வைத்துக்கொண்டார். தமிழ் தெரிந்தவர்களை இன்னொரு பக்கம் உட்காரவைத்தார். படித்துக் காட்டுவார், அவர்கள் முகம் சுளித்த இடத்தைத் திருத்துவார், மறுபடி படிப்பார். நம்ம பாஷையில் சொன்னால் டிசைன், டெஸ்டிங், ரீடிசைன். இந்த ஒரு வேலையில் பல பத்தாண்டுகள் போயின.

பாட்டு வேலை இதைவிடக் கஷ்டம். இதை இன்ஜினியராகவே விளக்குகிறேன். ஜெர்மன் கோயில் ராகம் என்பது அளவு மாறாத ஒரு அச்சு. அடிக்கு இத்தனை அசை, இந்த இடத்தில் நீட்டல், இந்த இடத்தில் நிறுத்தம். ஜெர்மன் மொழி அழுத்தத்தில் நடக்கும். தமிழ் குறில் நெடிலில் நடக்கும். நீட்ட வேண்டிய இடத்தில் குறில் வந்து உட்கார்ந்தால் பாடும்போது சொல்லே வேறாகிவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், ஜெர்மன் பாட்டிலோ கடைசியில் வேறு ஏதோ சொல் இருக்கும். நமக்கு எதுகை அடியின் தொடக்கத்தில் வர வேண்டும், அவர்களுக்கு ஓசை அடியின் முடிவில் ஒத்து வர வேண்டும். இத்தனை முட்டுக்கட்டைகளுக்கும் நடுவில், ராகத்தை உடைக்காமல், கருத்தையும் விடாமல், நூற்றுக்கணக்கான வரிகளை அவர் தமிழில் கொண்டுவந்தார். முடிவில் ஓசை ஒத்து வருகிற வழக்கத்தையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்.

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சில இடங்களில் சொல் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். தமிழ் ராக தாளத்திலேயே கிறிஸ்தவப் பாட்டு கட்ட, 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் வர வேண்டியிருந்தது. இரண்டு வகையும் இன்றைக்கும் உண்டு. லுத்தரன் கோயில்களில் முதல் வகையை ஞானப்பாட்டு என்பார்கள், இரண்டாவதைக் கீர்த்தனை என்பார்கள்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோயிலும் குடியிருப்பும் போன நிலையில் பப்ரிஷியஸ் தன் சபை மக்களில் ஒரு பகுதியினரோடு பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்று அது டச்சுக்காரர் ஊர். 1613-ல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்தது. சென்னைச் சண்டை இங்கே எட்டவில்லை. 1749-ல் சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிய பிறகு வேப்பேரியில், ஆர்மீனிய வணிகர் உஸ்கான் கட்டிய கோயில் இவருடைய ஊழியத்துக்குக் கிடைத்தது. நிம்மதியாக வேலை நடந்தது. 1758 டிசம்பரில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டது. வேப்பேரி வீடு சூறையாடப்பட்டது. மறுபடியும் அதே பழவேற்காடு.

எங்கள் ஊரில் கோட்டை இருந்த இடம் இப்போது அகழியும் புதரும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள். சின்ன வயதில் அந்தப் பக்கம் ஓடியே கடப்போம். இப்போது லீவில் போனால் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். வீடு போய், கோயில் போய், கூட வந்த ஜனங்களுக்குச் சோறு தேட வேண்டிய நிலைமையில் இந்தக் கரைக்கு ஒருவர் இரண்டு தடவை வந்திருக்கிறார். இரண்டு தடவையும் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். ஆயா படகுக்காகக் காத்திருந்து பாடிய பாட்டுகள் அந்தக் கையிலிருந்து வந்தவை என்றால், அது பொருத்தம்தானே.

1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்தது. அரசாங்க வேலைகளையும் அச்சடித்துத் தர வேண்டும் என்ற ஏற்பாட்டில் அது வேப்பேரியில் பப்ரிஷியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில்தான் அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது. அவரும் உடன் ஊழியர் பிரைத்தாப்ட்டும் சேர்ந்து செய்த தமிழ் ஆங்கில அகராதி 1779-ல் வந்தது. அந்த அகராதி பின்னால் பலமுறை திருத்தி விரிக்கப்பட்டு, இன்று இணையத்திலும் கிடைக்கிறது. செல்போனில் தட்டினால் வரும்.

இவ்வளவோடு கட்டுரையை முடித்திருந்தால் நல்ல மலர்க் கட்டுரையாக இருக்கும். ஆனால் நான் எழுத நினைத்தது இனிமேல் வருவதைத்தான்.

பப்ரிஷியஸ் நேர்மையானவர் என்ற பெயரால் பலர் தங்கள் பணத்தை அவரிடம் நம்பிக் கொடுத்து வைத்தார்கள். அவர் அதை வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்களில் ஆற்காட்டு நவாபைச் சார்ந்த பிரபுக்களும் இருந்தார்கள். நவாபின் கடன் விவகாரம் லண்டன் பார்லிமெண்ட் வரைக்கும் நாறிய காலம் அது. பணம் திரும்பவில்லை. கொடுத்து வைத்தவர்கள் பப்ரிஷியஸைக் கேட்டார்கள், அவரிடம் ஒன்றும் இல்லை. சட்டம் படிக்கத் தொடங்கி வேதத்துக்கு வந்தவர், முதுமையில் கடனாளியாகச் சிறைக்குள் போனார். 1788-ல் சென்னை ஊழியம் கெரிக்கே என்ற இளையவர் கைக்கு மாறியது. 1791 ஜனவரியில், 80 வயது நிறைந்த கையோடு, பப்ரிஷியஸ் காலமானார்.

அவர் தனக்கென்று ஒன்றும் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் போனது ஊரார் பணம். நம்பிக் கொடுத்தவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனசு வரவில்லை. தமிழில் ஒரு சொல்லைப் பத்துப் பேரிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்தவர், பண விஷயத்தில் அந்தப் பத்துப் பேரைத் தேடவில்லை.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. சில வருஷங்களுக்கு முன், கூட வேலை பார்த்த ஒருவர் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன் என்றார். அவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. கான்கிரீட் கியூபை மூன்று தடவை டெஸ்ட் பண்ணுகிறவன்தான் நான். தொழில் மூழ்கியது, ஆள் ஊரை விட்டுப் போனார், தவணை என் தலையில் விழுந்தது. மனைவியின் நகையும், தங்கை கல்யாணத்துக்கு நைனா என்னிடம் கொடுத்து வைத்திருந்த பணமும் போயின. இரண்டு வருஷம் நம் சங்கக் கூட்டத்துக்கு நான் வராததற்குக் காரணம் வேலைப்பளு என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். காரணம் இதுதான்.

அந்த நாட்களில் ஒரு தடவை ஊருக்குப் போனேன். ஆயாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனாலும் கை வலையில்தான் இருந்தது. பேச்சுவாக்கில் பப்ரிஷியஸ் கதையைச் சொன்னேன். நீ பாடுகிற பாட்டையெல்லாம் தமிழில் கொண்டுவந்தவர் கடனுக்காக ஜெயிலுக்குப் போனவர், தெரியுமா என்றேன். ஆயா அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். என் மனசுக்குள் ஒரு கெட்ட ஆசைகூட இருந்தது, இவ்வளவு பெரிய மனுஷனே விழுந்தான் என்று கேட்டுவிட்டால் என் விழுகை சிறிதாகிவிடும் என்று. ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அப்ப நம்மாளுதான் என்றார். அவ்வளவுதான். விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்.

எங்கள் குப்பத்தில் கடன் இல்லாத வீடு கிடையாது. அங்கே யாரும் கடன்பட்டவனைப் பார்த்து, நீ பாடாதே என்று சொல்வதில்லை. அடுத்த பாடு வரும், வலையைத் தயாராக வை என்பார்கள். அன்றைக்கு ராத்திரியே நைனாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டினார். ரொம்பவே திட்டினார். காலையில் படகுக்குக் கூப்பிட்டார். தங்கை கல்யாணம் ஒரு வருஷம் தள்ளி நடந்தது. தவணையும் ஒருவழியாக முடிந்தது.

பப்ரிஷியஸின் விசுவாசம் எப்படிப்பட்டது என்று அளந்து சொல்ல நான் ஆள் இல்லை. நம் நண்பர்களில் எல்லா மதத்தினரும், மதமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நான் பார்ப்பது இதைத்தான்: அவர் பாடுகளைப் பற்றிய பாட்டுகளைத் தமிழாக்கியது, பாடு தெரியாத ஒருவர் வசதியான அறையில் உட்கார்ந்து செய்த வேலை இல்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை எல்லாம் இழந்தவர். அதற்குப் பிறகும் உட்கார்ந்து, நெடில் வர வேண்டிய இடத்தில் நெடில் வருகிறதா என்று பார்த்தவர். கடைசியில் தன் தவறாலேயே விழுந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத எங்க ஆயா வாயில் அந்தச் சொற்கள் இருநூறு வருஷம் கழித்தும் பிசகாமல் இருந்தன.

இந்த மலரைப் புரட்டுகிற மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். ஊரார் பணத்தை உங்கள் பணத்தைவிடப் பயந்து தொடுங்கள். மீறி விழுந்துவிட்டால், மறைந்து திரியாமல் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

என் பேட்ச் நண்பர்களுக்கு: இந்த வருஷக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். மறுநாள் ஞாயிறு. வசதிப்பட்டவர்கள் என்னோடு பழவேற்காட்டுக்கு வாருங்கள். கல்லறைத் தோட்டம் பார்க்கலாம், அம்மா இறால் குழம்பு வைப்பார், ஆயாவுக்குக் குரல் இருந்தால் பாடுவார்.