பாரதி பாட்டுக்கு ஒரு காலத்தில் 'ஓனர்' இருந்தார்! ரெக்கார்டு விற்ற ஏவி.எம். செட்டியார் அதை விட்டுக்கொடுத்த கதை

கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். குடியரசு தின விழா. பிள்ளைகள் வரிசையாக நின்று பாரதியார் பாட்டு பாடுறாங்க. டீச்சர் அதை மொபைலில் வீடியோ எடுத்து, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு வந்ததும் அப்லோடு பண்றாங்க. பாட்டுக்குக் காசு கொடு என்று யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் 1948-ல் நிலைமையே வேற. பாரதி பாட்டை ரெக்கார்டிலோ சினிமாவிலோ போடணும்னா ஒருத்தரிடம் அனுமதி வாங்கணும். அவர் பாரதிக்குச் சொந்தக்காரர் இல்லை, கவிஞரும் இல்லை. காரைக்குடியில் கிராமபோன் ரெக்கார்டு விற்று மேலே வந்தவர். வடபழனி ஏவி.எம். ஸ்டுடியோவுக்குப் பெயர் கொடுத்த ஏவி.மெய்யப்ப செட்டியார்.

ஒரு கவிஞரின் பாட்டு எப்படி ஒரு வியாபாரி கைக்குப் போச்சு? ஏன் திரும்பி வந்தது? பார்க்கலாம்.

ரெக்கார்டு கடைப் பையன்

மெய்யப்பன் பிறந்தது 1907 ஜூலை 28, காரைக்குடியில். அப்பா ஆவிச்சி செட்டியார் 'ஏவி அண்ட் சன்ஸ்' என்ற கடை வைத்திருந்தார். அங்கே கிராமபோன் ரெக்கார்டும் விற்பாங்க. சின்ன வயதிலேயே மெய்யப்பன் கடையில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பாட்டு ஓடும், எது தூங்கும் என்று கற்றுக்கொண்டது அங்கேதான்.

விற்பது மட்டும் போதாது, நாமே பாட வைத்துப் பதிவு பண்ணணும் என்று தோன்றியது. சென்னைக்கு வந்தார். 1930-களின் தொடக்கத்தில் நண்பர்களோடு சேர்ந்து 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' ஆரம்பித்தார். ஜெர்மனியில் பிறந்த 'ஓடியன்' ரெக்கார்டுகளுக்குத் தென்னிந்தியாவில் இவங்கதான் ஏஜென்ட்.

அந்தக் கால 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம்தான் ஓடும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். முழு நாடகம் கேட்கணும்னா பல தட்டுகள் சேர்ந்த 'நாடக செட்' வாங்கணும். இன்றைக்கு 'பாக்ஸ் செட்' என்று சொல்கிறோமே, அதற்கு நம்ம ஊர் தாத்தா இது.

தோல்வியில் தொடங்கிய சினிமா

பேசும் படம் வந்ததும் பாட்டு வியாபாரம் சினிமா பக்கம் திரும்பியது. மெய்யப்பனும் போனார். 1935-ல் எடுத்த 'அல்லி அர்ஜுனா' தோல்வி. அடுத்து 'ரத்னாவளி', அதுவும் கைகொடுக்கவில்லை.

ஆனாலும் ரெக்கார்டுக்காரரின் காது சும்மா இருக்குமா? 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில் நடித்தவருக்குப் பதிலாக வேறொருவரைப் பாட வைத்தார். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்வாங்க. 1945-ல் 'ஸ்ரீ வள்ளி' வெளிவந்த பிறகும் கதாநாயகியின் பாட்டுக் குரலில் அவருக்குத் திருப்தி இல்லை. பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து, குரலையே மாற்றினார்.

அதே 1945-ல் ஏவி.எம். நிறுவனம் பிறந்தது. ஸ்டுடியோ முதலில் இருந்தது காரைக்குடி பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில்தான். அங்கிருந்து 1947 ஜனவரியில் வந்த படம் 'நாம் இருவர்'. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் இருக்கும்போதே டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதியின் பாட்டு தியேட்டரில் ஒலித்தது. குமாரி கமலா ஆடினார். படம் பெரிய வெற்றி.

பாரதி பாட்டு கைக்கு வந்தது எப்படி?

பாரதி 1921 செப்டம்பரில் இறந்தபோது குடும்பத்துக்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மனைவி செல்லம்மாள் கஷ்டப்பட்டுப் புத்தகங்கள் போட்டார். பிறகு பாரதியின் தம்பி சி.விசுவநாதன் தரப்பிடம் உரிமைகள் போயின.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். புத்தகமாக அச்சடிக்கும் உரிமை வேறு, ரெக்கார்டில் பதியும் உரிமை வேறு. இந்த இரண்டாவது உரிமையை 1930-களில் சென்னையில் ரெக்கார்டு வியாபாரம் செய்த ஜெய்சிங்லால் மேத்தா வாங்கிவிட்டார். 1946-ல் அதை அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கினார் மெய்யப்பன். கவிஞர் இறந்து 25 வருஷம் கழித்து, அவர் பாட்டு மூன்றாவது கைக்கு வந்தது.

சட்டப்படி இதில் தப்பே இல்லை. அப்போது இருந்த 1914-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 50 வருஷம் வரை உரிமை உண்டு. அதாவது 1971 வரை பாரதி பாட்டு பூட்டுக்குள்தான்.

கோர்ட்டுக்குப் போன பாட்டு

நாடக மேடையில் பாரதி பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவங்க 1948-ல் எடுத்த 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் ஒரு பாட்டைச் சேர்த்தாங்க. உரிமை தன்னிடம் இருக்கிறது என்று கோவை கோர்ட்டுக்குப் போனார் மெய்யப்பன்.

விஷயம் பெரிசாச்சு. பாரதி பாட்டுக்கு ஒரு தனி மனிதர் எப்படி உரிமை கொண்டாட முடியும் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கேட்டாங்க. அரசே வாங்கி எல்லாருக்கும் கொடுக்கணும் என்ற கோரிக்கை வலுத்தது. அப்போது சென்னை மாகாணத்தில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். அரசு இதைக் கையில் எடுத்தது.

மெய்யப்பன் நினைத்திருந்தால் பெரிய தொகை கேட்டிருக்கலாம். 'நாம் இருவர்' வெற்றிக்குப் பிறகு அந்த உரிமையின் மதிப்பு பல மடங்கு ஏறியிருந்தது. ஆனால் நஷ்ட ஈடு எதுவும் வாங்காமல் உரிமையை அரசிடம் ஒப்படைத்தார். 1949-ல் பாரதி படைப்புகள் அரசுடைமை ஆயின. விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். 1950-களின் நடுவில் அரசும் தன் உரிமையை விட்டுவிட, பாரதி எல்லாருக்கும் பொதுவானார்.

வழக்குப் போட்டவரும் இலவசமாகக் கொடுத்தவரும் ஒரே ஆள்தான். முதலில் அவர் பார்த்தது சரக்கை. ஊர் கேட்டபோது சரக்கை விட்டார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் புரிந்துகொள்ளணும்.

அதுக்கப்புறம்?

மெய்யப்பன் நிற்கவில்லை. 1949-ல் 'வாழ்க்கை' படத்தில் வைஜயந்திமாலா அறிமுகம். 1952-ல் ஏவி.எம். பங்கேற்புடன் வந்த 'பராசக்தி'யில் சிவாஜி கணேசன் அறிமுகம். 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. பாட்டு விற்று வளர்ந்தவர் பாட்டில்லாத படத்துக்குப் பணம் போட்டார்! 1979 ஆகஸ்ட் 12-ல் காலமானார்.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

பழைய இசையைத் தொகுத்து மறுபடி வெளியிடுவது இப்போது உலகம் முழுக்க நடக்குது. பிரிட்டனின் 'பங்க்' இசைக் கலகக்காரர் ஜோ ஸ்ட்ரம்மர் 2002-ல் இறந்தார். பத்து வருஷம் கழித்து, அமெரிக்காவின் சின்ன பங்க் கம்பெனியான ஹெல்கேட் ரெக்கார்ட்ஸ், தன்னிடம் இருந்த அவருடைய பாட்டுகளை எல்லாம் ஒரே டிஜிட்டல் தொகுப்பாக வெளியிட்டது. உரிமை யாரிடம் என்பது தெளிவாக இருந்ததால் அது முடிந்தது. உரிமை சிக்கலில் கிடக்கும் பாட்டு அலமாரியிலேயே தூங்கும்.

பாரதி பாட்டு தூங்கவில்லை. ஆனால் ஒன்று. பொதுவாக இருப்பது பாரதியின் வரிகள்தான். அதற்கு ஒருவர் போட்ட மெட்டுக்கும், ஒரு கம்பெனி செய்த பதிவுக்கும் தனி உரிமை இருக்கலாம். சினிமாவில் வந்த பதிவை எடுத்து உங்க வீடியோவில் போட்டால் பிரச்சினை வரலாம்.

எஸ்டேட் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொந்தக் குரலில், சொந்த மெட்டில் பாடினால்? தாராளமாக அப்லோடு பண்ணுங்க டீச்சர்!