கண்டியில் வாழ்ந்த எகிப்தியத் தளபதி: அறபி பாஷா

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் பெயர் தவறாமல் வரும். அதன் தொடக்கத்தோடு சேர்த்து நினைக்கப்படுபவர் அஹ்மத் அறபி பாஷா. போரில் தோற்று, இங்கு நாடுகடத்தப்பட்ட எகிப்தியப் படைத்தலைவர் அவர்.

1841இல் ஸகாஸீக் நகருக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றில் ஊர்த்தலைவரின் மகனாகப் பிறந்தார். அல்-அஸ்ஹரில் சிறிது காலம் ஓதினார். பின் படையில் சேர்ந்து, இருபது வயதளவில் லெப்டினன்ட் கேணலானார். அதற்கு மேல் ஏறுவது கடினமாயிற்று. உயர்பதவிகளைத் துருக்கிய, சர்க்காசிய வம்சத்தார் வைத்திருந்தனர். படைத்தலைமையகப் பொறுப்பில் இருந்தவரோ அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஜெனரல் சார்ள்ஸ் ஸ்டோன். உழவர் பிள்ளைகள் கீழ்ப்படிகளிலேயே நின்றனர். நாட்டின் வருமானம் ஐரோப்பியக் கடன்காரரின் பிடியில் இருந்தது.

1881 செப்டம்பரில் அறபி தன் படையோடு அப்தீன் மாளிகை முன் நின்று பாராளுமன்றம் கேட்டார். அடுத்த ஆண்டு யுத்த அமைச்சரானார். 1882 ஜூலையில் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைத் தாக்கின. செப்டம்பர் 13 விடியற்காலையில் தெல் அல்-கபீரில் அவரது படை சிதறியது. அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது.

1883 ஜனவரியில் ஆறு தோழர்களுடன் கொழும்பில் இறங்கினார். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிப் பள்ளிகளில்தான் கிடைத்தது. பிள்ளைகளின் மார்க்கம் மாறிவிடும் என்று நம்மவர் பலர் அனுப்பத் தயங்கினர். அந்தத் தயக்கத்தைப் போக்க, கண்டி வழக்கறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையில் எழுதி வந்தார். அவருக்கும் வாப்புச்சி மரைக்காருக்கும் அறபி பாஷா துணை நின்றார். மக்கள் மதித்த ஒரு வீரரே நவீன கல்வி வேண்டும் என்றபோது பெற்றோர் காதுகொடுத்தனர். 1892இல் ஸாஹிறா தொடங்கியது.

அது ஆண்பிள்ளைகளின் பள்ளி. பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டுமென்று கண்டியில் பெண்கள் பாடசாலை தொடங்கியவர் சித்திலெப்பை. அந்த எண்ணம் நம் கிழக்குக் கரைக்கும் பரவியதால்தான் ஒலுவிலில் பிறந்த என்போன்றவர்கள் வைத்தியராகவும் ஆசிரியையாகவும் வர முடிந்தது.

கொழும்பின் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளாமல் அறபி பாஷா கண்டிக்கு இடம் மாறினார். தோழர்களில் மூவர் இம்மண்ணிலேயே மௌத்தாகினர். கவிஞர் பாரூதி கண்பார்வை மங்கிய நிலையில் ஊர் திரும்பினார். அறபி பாஷா மன்னிப்புப் பெற்று 1901இல்தான் கெய்ரோவுக்குச் சென்றார். அந்நியர் ஆட்சி வரக் காரணமானவர் என்று இளந்தலைமுறை அங்கே அவரை ஒதுக்கியது. 1911 செப்டம்பர் 21இல் அங்கேயே காலமானார்.

பதினெட்டு வருடங்களை அந்நிய மண்ணில் கழித்தவர், அந்த மண்ணின் பிள்ளைகளுக்காக உழைத்தார். தூர தேசங்களில் வாழும் நம் சகோதரிகளுக்கு இது நன்றாக விளங்கும். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு நிலையமாக உள்ளது. விடுமுறையில் ஊர் வரும்போது உங்கள் மகள்மாரையும் அங்கே கூட்டிச் செல்லுங்கள்.